பிம்லிமொன்: ஐந்தும் நெருப்பும்

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் வடக்கு தெற்காகக் கிடக்கிறது கேம்பிரியன் மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த இடம் 752 மீட்டர். வடக்கே எரிரியின் (ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா) பாறை முகடுகளைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இது மலையாகவே படாது. பாறை குறைவு, எங்கு பார்த்தாலும் புல். அதுவும் உட்காரலாம் என்று ஆசைப்பட வைக்கும் புல் அல்ல. கொத்துக் கொத்தாக, முடிச்சு முடிச்சாக வளரும் முரட்டுப் புல். கோடையில் பச்சை, குளிர் தொடங்கியதும் வைக்கோல் நிறம். இரண்டு கொத்துகளுக்கு நடுவே கால் வைத்தால் கரிய சேற்றுநீர் பூட்சுக்குள் இறங்கும். ஆடுகள் மட்டும் எதையும் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆங்கிலத்தில் இந்த மலைக்குப் பிளின்லிமன் என்று பெயர். வேல்ஷ் மொழியில் பிம்லிமொன். கேட்டவுடன் ஒன்று மற்றொன்றின் கொச்சை என்று தோன்றும். உண்மையும் அதுதான். ஆனால் கொச்சையில் உதிர்ந்துபோனது ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ அல்ல, பெயரின் பாதிப் பொருள்.

வேல்சின் புல்மலைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பல இடங்களில் கண்ணில் பட்டதையே பெயராக்கினார்கள். 'மோயல்' என்றால் மொட்டை. மரமும் பாறையும் இல்லாத குன்றுகளை அப்படியே அழைத்துவிட்டார்கள்: மோயல் வாமை, மோயல் ஐலியோ. மொட்டைக்கெல்லாம் மொட்டையான இந்த மலைக்கு ஏன் அந்தப் பெயர் வாய்க்கவில்லை? இதற்குப் பெயரிட்டவர்கள் மலையின் தோற்றத்தை விட்டுவிட்டு, மலையால் தங்களுக்கு ஆன பயனைப் பெயராக்கினார்கள் என்பது என் கருத்து. அதற்கான சான்று பெயரின் பின்பாதியில் இருக்கிறது. முதலில் முன்பாதியை முடித்துவிடலாம்.

வேல்ஷில் ஐந்துக்குப் 'பிம்ப்' என்று பெயர். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் கடைசிப் பகரம் உதிர்ந்து 'பிம்' ஆகும். வடமொழிப் 'பஞ்ச', கிரேக்கப் 'பென்டே' இரண்டுக்கும் இது ஒன்றுவிட்ட தம்பி. எழுதும்போது ரோமன் 'யு' எழுத்தைப் போடுவார்கள், வேல்ஷில் அந்த எழுத்துக்கு இகர ஒலி. வடக்கே அந்த இகரம் கொஞ்சம் உள்வாங்கி ஒலிக்கும், தெற்கே நம் இகரம் போலவே இருக்கும். எழுத்தைப் பார்த்து 'பம்லூமன்' என்று படிக்கிற இன்றைய பயணியைவிட, காதால் கேட்டு எழுதிக்கொண்ட பழைய ஆங்கிலேயர் தேவலை. இகரத்தையாவது சரியாகப் பிடித்தார்.

அவர் கோட்டைவிட்டது வேறிடத்தில். 'பிம்' என்பதற்குள் ஒரு லகரம் எப்படி நுழைந்தது? அடுத்த அசையில் லகரம் காத்திருக்கிறது. அவசரக்கார நாக்கு அதை முன்கூட்டியே உச்சரித்துவிட்டது என்பதே எளிய விளக்கம். லகரத்துக்கு முன் நின்ற மகரமும் வசதிக்காக னகரமாயிற்று. 'பிம்' போய்ப் 'பிளின்' வந்தது. மரூஉ என்று ஒரு சொல்லில் இலக்கணம் இதை முடித்துவிடும். ஆனால் தஞ்சாவூர் தஞ்சையானால் ஊர்தான் போகிறது, ஊரின் பெயர் நிற்கிறது. 'பிளின்' என்பதில் எந்த வேல்ஷ்காரர் காதுக்கும் ஐந்து கேட்காது.

எண் போன பிறகு அந்தப் பெயர் வெறும் ஓசையாகி இலக்கியத்தில் உலவத் தொடங்கியது. தாமஸ் கிரே 1757இல் வெளியிட்ட 'தி பார்ட்' என்ற கவிதையில், ஒரு பாணனின் பாட்டுக்குத் தலைவணங்கும் மலையாகப் பிளின்லிமன் வருகிறது. அமெரிக்கரான ஹெர்மன் மெல்வில் 1852இல் எழுதிய 'பியர்' நாவலில் புளோட்டினஸ் பிளின்லிமன் என்று ஒரு தத்துவவாதியே இருக்கிறார். விசித்திரமான ஆசாமிக்கு விசித்திரமான ஒலியுள்ள பெயர் வேண்டும் என்று மெல்வில் தேடியிருக்க வேண்டும். ஐந்துக்கும் அந்தத் தத்துவவாதிக்கும் எந்த உறவும் இல்லை.

இனி பின்பாதி. தனிச்சொல்லாக நிற்கும்போது அதன் முதலெழுத்து நம் லகரம் அல்ல. லகரத்துக்கு நாவை வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல், காற்றை மட்டும் நாவின் பக்கவாட்டில் ஊதினால் வருமே அந்த ஒலி. தமிழில் எழுத வழியில்லை, 'ஹ்லிமொன்' என்று வைத்துக்கொள்வோம். தொகைச்சொல்லில் இரண்டாவதாக வரும்போது அந்த ஒலி மெலிந்து சாதாரண லகரமாகிவிடும். பிம், ஹ்லிமொன் இரண்டும் புணர்ந்து பிம்லிமொன் ஆனது இப்படித்தான். எண்ணுக்குப் பின்னால் பெயர்ச்சொல் ஒருமையிலேயே நிற்பது வேல்ஷ் வழக்கம். பத்துப்பாட்டு, ஐந்திணை என்று சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

ஹ்லிமொன் என்றால் என்ன? சுற்றுலாக் கையேடுகள் 'ஐந்து சிகரம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அது பாதி பதில். இந்தச் சொல்லுக்குப் பழைய வேல்ஷில் புகைபோக்கி என்று பொருள். இன்றைய வீடுகளில் புகைபோக்கிக்கு 'சிம்னை' என்கிறார்கள், அது ஆங்கிலத்திலிருந்து வந்து உட்கார்ந்த சொல். பழைய சொல் பேச்சிலிருந்து ஒழிந்து, மலையின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. மலைப்பெயர்களில் வரும்போது அதற்கு 'உச்சியில் மூட்டும் அடையாளத் தீ' என்று பொருள் கொள்வது அறிஞர் வழக்கம். புகைபோக்கிக்கும் அடையாளத் தீக்கும் பொது எது என்றால், தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டிலும் முதலில் தெரிவது புகைதான். 'ஹ்லிமன்' என்று இதை ஒட்டி ஒலிக்கும் இன்னொரு சொல் உண்டு, அதற்குக் கொடி என்று பொருள். கால்பந்து ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே கொடியோடு ஓடுகிற நடுவருக்கு வேல்ஷில் 'ஹ்லிமனூர்' என்று பெயர். அவருக்கும் இந்த மலைக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அடையாளத் தீ என்ற பொருளுக்கு வலுச் சேர்ப்பது வேல்சில் இல்லை, ஸ்காட்லாந்தில் இருக்கிறது. லாக் லோமண்ட் ஏரியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த ஏரி தன் பெயரைக் கரையில் நிற்கும் 974 மீட்டர் உயரமுள்ள பென் லோமண்ட் மலையிடமிருந்து வாங்கியது. ஏரியின் பழைய பெயர் லெவன். ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு இன்றும் லெவன்தான். கிழக்கே பைஃப் பகுதியிலும் லோமண்ட் குன்றுகள் உண்டு. சமவெளியிலிருந்து எழுந்து நிற்பதால் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற குன்றுகள் அவை, குன்றின்மேல் இட்ட விளக்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் கெல்டிக் இடப்பெயர்களை ஆராய்ந்து 1926இல் பெருநூல் வெளியிட்ட வில்லியம் வாட்சன், லோமண்டையும் பிம்லிமொனின் பின்பாதியையும் ஒரே சொல்லாகக் கண்டார்.

வேல்ஷ் சொல் ஸ்காட்லாந்துக்கு எப்படிப் போனது என்று கேட்கத் தோன்றும். அது போகவில்லை, அங்கேயே இருந்தது. வேல்ஷின் தாய்மொழியான பிரித்தோனிக் ஒரு காலத்தில் கிளைடு ஆற்றங்கரை வரை பேசப்பட்டது. லெவன் ஆறு கிளைடில் கலக்கும் இடத்திலுள்ள டம்பார்ட்டன் என்ற ஊரின் பெயருக்குக் கேலிக் மொழியில் 'பிரித்தோனியரின் கோட்டை' என்று பொருள். அந்த மக்களின் மொழி அங்கே அழிந்தது, மலைக்கு வைத்த பெயர் அழியவில்லை. 9ஆம் நூற்றாண்டின் 'ஹிஸ்டோரியா பிரிட்டோனம்' என்ற லத்தீன் நூல் தீவின் அதிசயங்களைப் பட்டியலிடுகிறது. முதல் அதிசயம் 60 தீவுகள் கொண்ட ஓர் ஏரி, அதற்கு அந்நூல் தரும் பெயர் லுமொனோய். ஸ்காட்லாந்துக்காரர்கள் புகைபோக்கியை இன்றும் 'லம்' என்கிறார்கள். அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. சொல் வரலாறு தெளிவில்லாததால் நான் அதை வாசல் திண்ணையில் உட்கார வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேல்சுக்கே திரும்புவோம். ஆர்தர் மன்னன் வரும் கதைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று 'கில்ஹுக்கும் ஒல்வெனும்'. 14ஆம் நூற்றாண்டு ஏடுகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது, கதை அதைவிடப் பழையது. ஒரு பெண்ணை மணக்க வேண்டுமானால் செய்யவே முடியாத காரியங்களை எல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்று அவளுடைய அரக்கத் தகப்பன் நிபந்தனை போடுகிறான். அவற்றில் ஒன்று, தாடிக்கார டிஹ்லிஸ் என்பவனின் தாடி மயிரால் வேட்டைநாய்க்கு வார் திரிப்பது. அவன் உயிரோடு இருக்கும்போதே மயிரைப் பிடுங்க வேண்டும், செத்தபின் எடுத்தால் முறிந்துவிடும்.

ஆர்தரின் வீரர்கள் கய்யும் பெட்விரும் அவனைத் தேடி வந்து ஒரு மலையுச்சியில், ஒரு கற்குவியலின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். மலை பிம்லிமொன். உலகத்திலேயே அதைவிடப் பலத்த காற்று இல்லை என்கிற அளவுக்குக் காற்று. சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். தெற்கே வெகு தொலைவில் பெரும்புகை எழுகிறது. அவ்வளவு காற்றிலும் அந்தப் புகை சாயவே இல்லை. இது சாதாரண ஆள் மூட்டிய தீ அல்ல என்று கய்க்கு உடனே புரிந்துவிடுகிறது. போய்ப் பார்த்தால் டிஹ்லிஸ் காட்டுப்பன்றி ஒன்றைத் தீயில் வாட்டிக்கொண்டிருக்கிறான். வயிறு முட்டத் தின்று அவன் தூங்கும்வரை காத்திருந்து, குழி தோண்டி அதில் தள்ளி, மரக் குறட்டால் தாடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுக் கதையை முடிக்கிறார்கள்.

கதாசிரியர் எத்தனையோ மலைகளில் அவர்களை உட்கார வைத்திருக்கலாம். புகையைப் பார்ப்பதற்குப் புகையின் பெயர் கொண்ட மலையைத் தேர்ந்தெடுத்தார். தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஹ்லிமொன் என்ற சொல்லின் பொருள் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை என்றே நான் படிக்கிறேன். காற்றைப் பற்றிக் கதை சொன்னதில் மிகையும் இல்லை. அதே உச்சியில் நின்று இன்று தெற்கே பார்த்தால், கெவ்ன் க்ரோய்ஸ் மேட்டில் 39 காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

கற்குவியல்களும் இருக்கின்றன. மேலே மூன்று பெரிய குவியல்கள், வெண்கலக் காலத்து ஈமக் குவியல்கள். மலையேறிகள் கற்களை அகற்றி நடுவே குழிவாக்கி, காற்றுக்கு ஒதுங்கும் அரைவட்டச் சுவர்களாக மாற்றிவைத்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுடுகாட்டுக் கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சாண்ட்விச் சாப்பிடுகிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

சரி, எந்த ஐந்து? இங்கேதான் தகராறு. பென் பிம்லிமொன் வவுர் என்பது உச்சி. அடுத்தது 741 மீட்டரில் பென் பிம்லிமொன் ஆர்விஸ்ட்லி. பிறகு பென் பிம்லிமொன் ஹ்லகட் பக்கன். அப்புறம் அ கார்ன், கடைசியாகப் பிம்லிமொன் வாக். வழக்கமாகச் சொல்லப்படும் ஐந்து இவை. மேட்டில் நின்று எண்ணினால் ஐந்துக்கு மேலும் வரும், கீழே சாலையிலிருந்து பார்த்தால் மூன்றுகூடத் தேறாது. எங்கும் முகடு கூராக இல்லாததால் ஒரு மேடு எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிப்பது எண்ணுகிறவர் கையில் இருக்கிறது. தீ மூட்டும் இடம் ஐந்து என்று கொண்டால் இந்தத் தகராறு இல்லை. உயரமோ வடிவமோ கணக்கில் வராது, நெருப்பு எரிந்த இடம் எத்தனையோ அத்தனை.

அந்த ஐந்து பெயர்களில் ஒரு சின்ன இலக்கண வேடிக்கை இருக்கிறது. 'வவுர்' என்பது பெரிய, 'வாக்' என்பது சிறிய. அகராதியில் தேடினால் 'மவுர்', 'பாக்' என்றுதான் கிடைக்கும். வேல்ஷில் பெண்பால் பெயருக்குப் பின் வரும் அடைமொழியின் முதலெழுத்து மெலியும், மகரமும் பகரமும் வகரமாகும். ஆக இந்த மலை வேல்ஷ்காரர் வாயில் பெண்பால். மூன்றாவது சிகரத்தின் பெயரிலுள்ள 'பக்கன்' என்பதும் சிறிய என்பதுதான், ஆனால் மெலியவில்லை. காரணம், அதன் முன்னால் நிற்கும் 'ஹ்லகட்' ஆண்பால். ஒரே முகட்டில் இரண்டு பால். 'கார்ன்' என்ற கற்குவியலின் ககரமும் இதேபோலக் குழைந்து ஒலிக்கும். நம் எழுத்தில் அது தெரியாது, ககரம் இரண்டு ஒலியையும் விழுங்கிவிடுகிறது.

ஹ்லகட் என்றால் கண். நீர் பிறக்கும் இடத்தையும் அவர்கள் கண் என்றே சொல்கிறார்கள், நாம் ஊற்றுக்கண் என்பது போல. உச்சிக்கு வடக்கே செங்குத்தாக இறங்கும் சரிவின் அடியில் கருநீல ஏரி ஒன்று கிடக்கிறது, பெயர் ஹ்லின் ஹ்லகட் ரைடொல். ரைடொல் ஆற்றின் கண் ஏரி. மலையின் கிழக்குப் புறத்துச் சதுப்பில் இன்னும் இரண்டு கண்கள். ஒன்று 354 கிலோமீட்டர் ஓடும் செவர்ன், பிரிட்டனின் மிக நீண்ட ஆறு. மற்றொன்று வை. மூன்றும் மலையரசனின் பெண்கள், கடலுக்குப் போட்டிபோட்டுக்கொண்டு கிளம்பினார்கள் என்று ஒரு நாட்டுப்புறக் கதை உண்டு. தூங்கிப்போன ரைடொல் குறுக்கு வழியில் மேற்கே ஓடி 30 கிலோமீட்டரில் கடலைத் தொட்டுவிட்டாளாம்.

செவர்னை வேல்ஷில் ஹவ்ரென் என்பார்கள். ரோமானியர் எழுதிவைத்த வடிவம் சப்ரினா. சகரம் ஹகரமாவது வேல்ஷின் பழைய வழக்கம்: லத்தீனில் உப்பு 'சால்', வேல்ஷில் 'ஹாலென்'. லத்தீனில் கதிரவன் 'சோல்', வேல்ஷில் 'ஹைல்'. சிந்து ஹிந்துவான கதை நமக்குத் தெரியும், அதே விளையாட்டு இங்கும் தனியாக நடந்திருக்கிறது. ஹாப்ரென் என்ற இளவரசி ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று 12ஆம் நூற்றாண்டில் மான்மவுத் ஜெஃப்ரி எழுதினார். ஆற்றின் பெயர் அவருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே ரோமானிய எழுத்தில் இருக்கிறது. பெயர் முந்தியது, இளவரசி பிந்தியவள்.

ஜார்ஜ் பாரோ என்ற ஆங்கிலேயர் 1854இல் இந்த மலைக்கு வந்தார். வேல்ஷ் படித்தவர், படித்ததைக் காட்டிக்கொள்வதில் கூச்சம் இல்லாதவர். வழிகாட்டி ஒருவரைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆறுகளின் கண்ணையும் தேடிப்போய், மூன்றிலும் குனிந்து தண்ணீர் குடித்தார். 1862இல் வந்த 'வைல்ட் வேல்ஸ்' நூலில் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு மூன்று கண்ணையும் பார்க்காமல் திரும்பினால் குறை என்று ஒரு சம்பிரதாயமே உருவாகிவிட்டது. மலையின் வடக்குச் சரிவில் வேல்ஷ் கிளர்ச்சித் தலைவர் ஒவைன் கிளிண்டூர் 1401இல் பெற்ற வெற்றியைப் பற்றி வேல்ஷ்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். பெயர் வரலாற்றுக்கு அதில் வேலையில்லை.

புல்லுக்கு வேலை இருக்கிறது. செவர்னின் தலைப்பகுதியில் 1937 முதல் ஊசியிலை மரங்களை நட்டு ஹவ்ரென் காடு என்று பெயரிட்டார்கள். வையின் தலைப்பகுதி பழையபடி புல்லாகவே இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மலை, ஒரே மழை, ஒன்றில் மரம், ஒன்றில் புல். நீரியல் அறிஞர்கள் விடுவார்களா? 1968இல் இரண்டு நீர்ப்பிடிப்புகளையும் அளக்கத் தொடங்கினார்கள், வை 10.55 சதுர கிலோமீட்டர், செவர்ன் 8.7. காடு இருந்தால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்ற பொது நம்பிக்கை அங்கே எடுபடவில்லை. புல்வெளி ஆற்றுக்குக் கொடுத்த நீரைவிடக் காடு கொடுத்தது குறைவு. ஊசியிலைகளில் தங்கும் மழை தரையைத் தொடும் முன்பே ஆவியாகிப் போய்விடுகிறது. நீரியல் பாடநூல்களில் இந்த ஆய்வுக்கு மலையின் பெயரே அடையாளமாகிவிட்டது. அந்தப் பெயர் பிளின்லிமன். அறிவியல் ஒரு பிழை வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது.

வேல்சில் இப்போது பழைய பெயர்களை மீட்கும் காலம். ஸ்னோடோனியா தேசியப் பூங்கா 2022இல் எரிரியே போதும் என்று முடிவெடுத்தது. பிரெக்கன் பீக்கன்ஸ் 2023 ஏப்ரலில் பன்னை பிரக்கைனியொக் ஆனது. அங்கே ஒரு முரண். ஆங்கிலப் பெயரிலிருந்த 'பீக்கன்ஸ்' அடையாளத் தீயைக் குறிப்பது, வேல்ஷ்ப் பெயரின் 'பன்னை' என்பதற்குச் சிகரங்கள் என்றுதான் பொருள், தீ கிடையாது. வேல்ஷ்ப் பெயரிலேயே தீயை வைத்திருக்கிற மலை பிம்லிமொன். அதற்குத் தேசியப் பூங்கா அந்தஸ்தும் இல்லை, பெயரை மாற்றித் தீர்மானம் போட ஓர் அமைப்பும் இல்லை. சொல்கிறவர்கள் சொல்லிச் சொல்லித்தான் திருத்த வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: அபெரிஸ்ட்வித் ஊரிலிருந்து கிழக்கே செல்லும் ஏ44 சாலையில் ஐஸ்தெத்வா கிரிக் என்ற பண்ணை வரும். கிரிக் என்ற துறவி உட்கார்ந்து இளைப்பாறிய இருக்கை என்று பொருள். வேல்ஷ்க் கலைவிழாவான ஐஸ்தெத்வொடும் இதே 'உட்கார்' என்ற வினையில் பிறந்ததுதான். பண்ணையே ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏற வேண்டியது அதிகம் இல்லை. பழைய ஈயச் சுரங்கத்தைத் தாண்டி வேலியோரமாகவே போகலாம். மழை விட்டு இரண்டு நாளாவது ஆன பிறகு போங்கள், இல்லாவிட்டால் புல்லுக்கடியில் சதுப்பு ஆளை வாங்கும். வழி கேட்கும்போது பிம்லிமொன் என்றே கேளுங்கள்.